மெகலடான் ஆழ்கடலில் இன்னும் உயிரோடு இருக்க முடியுமா?

கேட்டவர் இரண்டு காரணங்களைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கடலில் பெரும்பகுதியை மனிதன் இன்னும் பார்க்கவே இல்லை என்பது முதலாவது. அழிந்துபோனதாக நம்பப்பட்ட சீலகாந்த் மீன் 1938-இல் தென்னாப்பிரிக்காவில் வலையில் ஏறி வந்தது என்பது இரண்டாவது. அப்படியிருக்க, மெகலடான் என்னும் பேருருச் சுறா மட்டும் ஏன் எங்கோ ஓர் ஆழத்தில் பிழைத்திருக்கக் கூடாது என்பது அவர் கேள்வி.

பிழைத்திருக்கவில்லை என்பதே என் பதில். இத்தகைய கேள்விகளுக்கு 'வாய்ப்பு மிகக் குறைவு' என்று சொல்லி நழுவிக்கொள்வது அறிவியல் எழுதுகிறவர்களின் வழக்கம். வேறு பல உயிர்களைப் பற்றி நானும் அப்படித்தான் சொல்லுவேன். இந்த ஒரு விலங்கின் விஷயத்தில் அந்த நழுவல் தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி வருகிறேன். கடல் எங்களுக்கு 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை கைப்பேசியை நீட்டி, ஒரு படகுக்குப் பின்னால் மலைபோல் எழும் முதுகைக் காட்டி, 'சார், இது நிஜமா?' என்று கேட்காமல் இருந்ததில்லை. அவற்றுள் சில காட்சிகள் 2013-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று ஆவணப்படம் போலவே எடுத்து ஒளிபரப்பிய நிகழ்ச்சியிலிருந்து வந்தவை. அதில் விஞ்ஞானிகளாகத் தோன்றியவர்கள் நடிகர்கள். கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்துபோன அதன் மறுப்பு வாசகத்தை வாட்ஸ்ஆப்பில் துண்டு போட்டு அனுப்புகிறவர்கள் யாரும் சேர்த்து அனுப்புவதில்லை.

எங்கள் ஊரில் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான முதலைகளை விட்டிருந்தார்கள் என்பது இங்கே பிறந்த எல்லாரும் கேட்டு வளர்ந்த செய்தி. நான் ஐந்தாவது படிக்கும்போது, அவற்றுள் ஒன்று இன்னும் அடியில் கிடக்கிறது, ஆழத்தை விட்டு வெளியே வராது, அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை என்று சித்தப்பா அடித்துச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயா, கை நிறுத்தாமல், "அத்தினி நாளா அடியிலயே கெடந்தா அது இன்னாத்தடா துன்னும்?" என்று கேட்டது. சித்தப்பாவிடம் பதில் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அகழியைத் தூர்வாரியபோது கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். சேறும் பாட்டில்களும்தான் வந்தன. மெகலடானைப் பற்றிப் பேசும்போதும் நான் ஆயாவின் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.

முதலில் அந்த விலங்கு எத்தகையது என்பதைப் பார்த்துவிடலாம். மெகலடான் என்றால் பெரும்பல் என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் லூயி அகாசிஸ் என்ற சுவிஸ் இயற்கையியலாளர் பல்லை மட்டும் வைத்துச் சூட்டிய பெயர். மிகப் பெரிய பற்கள் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் இருக்கும், அதாவது என் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையுள்ள நீளம். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது என்பதால் அது எளிதில் கல்லாவதில்லை; ஆகவே உடல் நீளம் என்பது பற்களையும் அரிதாகக் கிடைத்த முதுகெலும்புக் கண்ணிகளையும் வைத்துப் போட்ட கணக்குத்தான். 15 மீட்டர் என்றும் 20 மீட்டர் என்றும் பலவாறாகக் கணித்திருக்கிறார்கள். 2025-இல் வந்த ஓர் ஆய்வு 24 மீட்டர் வரை போகிறது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் நம் டவுன் பஸ்ஸை விட நீளம். ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தோன்றி, 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, சிலர் கணக்கில் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, அது மறைந்தது.

நீளத்தை விட முக்கியமானது அதன் உடற்சூடு. பெரும்பாலான மீன்களின் உடல் சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையிலேயே இருக்கும். மெகலடானோ, தன் உடலைச் சுற்றுநீரை விட ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸ் கூடுதலான சூட்டில் வைத்திருந்தது என்பதை அதன் பல் எனாமலில் உள்ள அணு வகைகளை அளந்து 2023-இல் கண்டறிந்தார்கள். சூடான தசை வேகமாக இயங்கும், தொலைதூரம் நீந்தும். ஆனால் அடுப்பு எரிய விறகு வேண்டும். 16 மீட்டர் நீளமுள்ள ஒரு மெகலடானுக்கு முப்பரிமாண உடல்மாதிரி அமைத்து 2022-இல் போட்ட கணக்கின்படி, அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 98,000 கிலோகலோரி தேவைப்பட்டது. இதை வகுப்பில் இட்லிக் கணக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்: ஓர் இட்லிக்கு 50 என்று வைத்தால் தினமும் இரண்டாயிரம் இட்லி, சட்னி தனி.

இந்தப் பசியோடு அது ஆழ்கடலுக்குள் போக வேண்டும். கடலில் உணவு விளைவது சூரிய ஒளி படும் மேல்தட்டில், பெரும்பாலும் முதல் 200 மீட்டருக்குள். அங்கே மிதக்கும் நுண்பாசிகளை உண்டு நுண்ணுயிர்களும், அவற்றை உண்டு மீன்களும் வாழ, அவை உண்டதுபோக எஞ்சிய துகள்களும் கழிவுகளும்தான் மெல்லக் கீழே இறங்குகின்றன. இறங்கும் வழியிலேயே பாக்டீரியாக்களும் சிற்றுயிர்களும் பங்கு எடுத்துக்கொள்வதால், கடலின் சராசரி ஆழமான ஏறத்தாழ 3,700 மீட்டரைச் சென்றடைவது மேலே விளைந்ததில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான். பந்தி முடிந்து, இலை எடுத்து, நாய்களும் காக்கைகளும் தின்று முடித்த இடத்தில் போய் உட்காருவதற்கு இது ஒப்பாகும். எப்போதாவது ஒரு திமிங்கிலத்தின் பிணம் இறங்கி வரும் என்பது உண்மைதான். அதைத் தேடி இருளில் பல நூறு கிலோமீட்டர் நீந்துவதற்கே இந்தச் சுறா எரிக்க வேண்டிய எரிபொருள் அதிகம்.

ஆழத்தில் பிழைக்கிற பெரிய சுறா எப்படியிருக்கும் என்பதற்கு உயிருள்ள சான்று கிரீன்லாந்துச் சுறா. குளிர்ந்த நீரில் மணிக்கு ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வேகத்தில் ஊர்ந்து, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்து, நூற்றாண்டுகள் வாழ்வது அது. 2016-இல் ஆராயப்பட்ட ஒரு பெண் சுறாவின் வயது ஏறத்தாழ 392 என்று கணித்தார்கள், 120 ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு. 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள அத்தகைய சுறாவுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் மீன்கூட வேண்டியதில்லை. அதாவது, ஆழ்கடல் பெரிய உடலை அனுமதிக்காமல் இல்லை. பெரிய உடலோடு பெரும்பசியையும் வேகத்தையும் சேர்த்து வைத்துக்கொள்வதைத்தான் அனுமதிப்பதில்லை.

சுறா இனத்துக்கே இதில் ஓர் எல்லை இருப்பதாகத் தெரிகிறது. முள்மீன்களை 8,336 மீட்டர் ஆழத்தில் ஜப்பானுக்கு அருகே 2022-இல் படம் பிடித்திருக்கிறார்கள்; சுறாக்களையோ 3,000 மீட்டருக்குக் கீழே காண்பது மிக அரிது. உணவுப் பற்றாக்குறை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வேலூர் மீன் மார்க்கெட்டில் நின்றே முகர்ந்து பார்க்கலாம். என் தங்கை பிள்ளை பெற்றிருந்தபோது பால் சுறா வாங்க விடியற்காலையில் போயிருந்தேன். ஐஸ் பெட்டியைத் திறந்ததும் மற்ற மீன்களுக்கு இல்லாத, கண்ணைக் கரிக்கிற ஒரு நெடி எழுந்தது. "வாடை பாத்து பயப்படாதீங்க சார், சுறான்னா அப்படித்தான், மஞ்சப்பொடி போட்டு வேக வெச்சி மணல உரிச்சிடுங்க" என்றார் கடைக்கார அம்மா. மணல் என்று அவர் சொன்னது உப்புத்தாள் போன்ற அந்தத் தோலை. நெடிக்குக் காரணம், சுறா தன் குருதியிலும் தசையிலும் யூரியாவைத் தேக்கி வைத்துக் கடலின் உப்புக்கு ஈடுகொடுப்பது. செத்தபின் அந்த யூரியா சிதைந்து அமோனியாவாகிறது. யூரியா புரதங்களைக் குலைக்கும் என்பதால் அதை அடக்கி வைக்க டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற வேறொரு பொருளையும் சுறா சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆழ்கடல் மீன்கள் அழுத்தத்திலிருந்து தம் புரதங்களைக் காத்துக்கொள்வதும் இதே பொருளைக் கொண்டுதான். ஆழம் கூடக்கூட அதை அவை கூட்டிக்கொண்டே போகின்றன. சுறாவின் உடலில் ஏற்கெனவே அது நிறைந்து கிடப்பதால் மேலும் கூட்டுவதற்கு இடம் குறைவு என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். அழுத்தத்தில் சுறா நசுங்கிப்போகும் என்று பலர் எழுதுவது தவறு. நசுங்குவதற்கு அதன் உடலில் காற்றுப்பையே கிடையாது. புரதத்துக்குள் நடக்கிற சங்கடம்தான் கணக்கு.

இவ்வளவையும் சொல்லி முடித்த ஒரு நாள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னை மடக்கினாள். "எண்ணெய்த் திமிங்கிலம் வெப்பரத்தப் பிராணிதானே சார்? அதுவும் 16 மீட்டர் வருது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே போய்க் கணவாய் தின்னுதே. அதுக்குக் கெடைக்கிற சாப்பாடு இதுக்குக் கெடைக்காதா?" என்றாள். இந்தக் கேள்வியை நானாக யோசித்திருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது. அவள் சொன்னது சரி. ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் வரையுள்ள இடைநிலைக் கடலில் கணவாய்கள் ஏராளம். மூச்சு விட மேலே வர வேண்டிய கட்டாயம் திமிங்கிலத்துக்கு உண்டு, சுறாவுக்கு இல்லை. ஆகவே ஆயாவின் கேள்வி அடியாழத்தை அடைத்துவிடுகிறதே தவிர, இடைநிலைக் கடலை முழுதாக அடைக்கவில்லை. அங்கே கதவைச் சாத்துபவை பற்கள்.

மறுநாள் மார்க்கெட்டில் ஒரு சுறாத் தலையைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் போட்டுத் தாடையைப் பிரித்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். வெளியே தெரியும் பல்வரிசைக்குப் பின்னால், ஈறை விலக்கினால், சாய்த்து மடக்கி வைத்த இரண்டாம் வரிசை. அதன் பின்னால் இன்னும் மென்மையாக மூன்றாம் வரிசை. முன்பல் விழ விழப் பின்வரிசை நகர்ந்து முன்னால் வரும். ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. சில இனங்களில் இருபது, முப்பதாயிரம் வரை. ஒரு சுறா செத்தால் குருத்தெலும்பு கரைந்துபோகும். பல்லோ கடலடியில் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் மெகலடான் பற்கள் கிடைத்திருப்பது இதனால்தான். 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை கொட்டிக் குவித்த ஒரு விலங்கு, அதன் பிறகு ஒற்றைப் பல்கூட உதிர்க்காமல் எப்படி வாழ்ந்திருக்கும்?

உதிர்த்ததாக ஒரு வாதம் இருந்தது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல், பசிபிக்கின் அடியிலிருந்து மெகலடான் பற்களைத் தோண்டி எடுத்தது. அவற்றின் மேல் படிந்திருந்த மாங்கனீசு மேலோட்டின் கனத்தை அளந்த செர்னெட்ஸ்கி என்பவர், ஒரு பல்லுக்கு 24,000 ஆண்டு, மற்றொன்றுக்கு 11,000 ஆண்டு என்று 1959-இல் வயது சொன்னார். மெகலடான் நேற்றுவரை இருந்தது என்று இன்றும் எழுதுகிறவர்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் இந்த ஒரு கணக்கைத்தான். மாங்கனீசு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் படிவதில்லை. இடத்துக்கு இடம் பல மடங்கு மாறும், நின்று நின்றும் படியும். துருவின் கனத்தைப் பார்த்து இரும்புக் கதவின் வயதைச் சொல்வதைப் போன்றது அது.

ஆழ்கடல் தரையில் பற்கள் புதையாமல் மேலாகவே கிடப்பதில் வியப்பில்லை. கரையிலிருந்து தொலைவான இடங்களில் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே வண்டல் சேர்கிறது. நம் இந்தியப் பெருங்கடலில், கோகோஸ் தீவுகளுக்கு அருகே, 5,400 மீட்டர் ஆழத்தில் 2022-இல் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று ஒரே இழுவையில் 750-க்கும் மேற்பட்ட சுறாப் பற்களை அள்ளியது. மெகலடானின் முன்னோடி இனத்தின் பல்லும் அதில் இருந்தது. பசிபிக்கின் ஜான்ஸ்டன் பவளத்தீவுக்கு அருகே 3,090 மீட்டர் ஆழத்தில் ஒரு மெகலடான் பல் கிடந்த இடத்திலேயே படமாக்கப்பட்டது. சுறாப் பல்லைத் தேடுகிறவர்களுக்குக் கடலடி கஞ்சத்தனம் காட்டுவதில்லை. மெகலடான் பல் மட்டும் எப்போதும் பழையதாகவே வருகிறது.

சீலகாந்தை இதனோடு ஒப்பிடுவது ஏன் பொருந்தாது என்பதும் இங்கேதான் விளங்கும். சீலகாந்த் இரண்டு மீட்டருக்குள் அடங்குகிற, பாறைக் குகைகளில் பகலெல்லாம் ஒண்டிக் கிடக்கிற மந்தமான மீன். உலகெங்கும் பல்லைக் கொட்டிவைக்கிற வழக்கம் அதற்கு இல்லை. அது உயிரோடு இருப்பது அறிவியலுக்குத்தான் தெரியாதிருந்தது. கொமோரோஸ் தீவு மீனவர்கள் அதைப் பிடித்து, பெயரிட்டு, பெரிதாக விரும்பாமல் விட்டிருந்தார்கள். பெருவாய்ச் சுறா இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்பேன். 1976 நவம்பரில் ஹவாய் அருகே ஓர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் மிதவை நங்கூரத்தில் சிக்கி வரும்வரை, நாலரை மீட்டர் நீளமுள்ள அந்தச் சுறாவை யாரும் அறிந்திருக்கவில்லை. அது வாயைத் திறந்துகொண்டு நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் சாது. இத்தகைய இன்னும் ஒரு சுறா எங்காவது இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்தில், சுறா வேட்டைக்குப் பெயர்போன மீனவர்களின் தூண்டிலில்கூட அது ஒருநாள் ஏறலாம்.

பேருருக் கணவாயையும் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அதன் இருப்பிடத்தில் அதை உயிரோடு படம் பிடித்தது 2004-இல்தான். ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1857-இல், அதற்கு அறிவியல் பெயர் வைத்தாகிவிட்டது. கரையொதுங்கிய உடல்களும், எண்ணெய்த் திமிங்கிலத்தின் வயிற்றில் செரிக்காமல் கிடந்த கணவாய் அலகுகளும் அது இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. வேலூரிலும் அவ்வப்போது பிடிபட்டுச் செய்தியாகிற அம்பர்கிரிஸ் என்ற பொருளே அந்த அலகுகளைச் சுற்றித் திமிங்கிலக் குடலில் உருவாவதுதான். மறைந்து வாழும் பெரிய விலங்கு தன் மிச்சங்களை மறைக்க முடிவதில்லை. மெகலடான் கடித்த தடங்கள் புதைபடிவத் திமிங்கில எலும்புகளில் இருக்கின்றன. இன்றைய திமிங்கிலங்களை அவற்றின் வால் வடிவையும் தழும்புகளையும் வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பட்டியலிடுகிறார்கள்; அரை மீட்டர் நீளமுள்ள ஒரு குட்டிச் சுறா வட்டமாகக் கொத்தியெடுத்த வடுக்கூட அந்தப் படங்களில் தெரிகிறது. 18 சென்டிமீட்டர் பல் பதிந்த வடு ஒன்று இதுவரை எந்தத் திமிங்கிலத்தின் மேலும் இல்லை.

மேலும், மெகலடான் ஆழத்தின் பிள்ளையே அல்ல. பனாமாவில் அதன் குட்டிகளின் பற்கள் ஆழமற்ற கரையோரக் கடலின் படிவுகளில் திரளாகக் கிடைக்கின்றன. அவ்விடம் குட்டிகள் வளர்ந்த தொட்டில் என்பது ஆய்வாளர் முடிவு. கடல் குளிர்ந்து, கரையோரம் சுருங்கி, இரையான திமிங்கில இனங்கள் குறைந்து, பெரிய வெள்ளைச் சுறா போட்டிக்கு வந்த காலத்தில் அது மறைந்தது. இவற்றுள் எது எவ்வளவு காரணம் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

மனிதன் கடலைப் பார்க்கவில்லை என்ற முதல் காரணம் மிச்சமிருக்கிறது. அது கேட்டவர் நினைப்பதை விடவும் உண்மை: ஆழ்கடல் தரையில் கண்ணாலோ கேமராவாலோ பார்க்கப்பட்டது 0.001 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2025-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. எங்கள் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிடும், மெகலடானுக்கு மறுபடியும் இடம் கிடைத்துவிட்டதைப் போல. நம் முன்னோருக்கும் இந்த ஆசை இருந்திருக்கிறது. திமி என்பது பெருமீன். அதையே விழுங்குவது திமிங்கிலம். அது போதாதென்று திமிங்கிலத்தையும் விழுங்கத் திமிங்கிலகிலம் என்று ஒன்றைச் சொல்லிவைத்தார்கள். மெகலடானுக்குத் தமிழில் பெயர் வேண்டுமென்றால் அதைத் தூசி தட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்காத 99.999 விழுக்காட்டிலும் நீர் குளிர்ந்துதான் இருக்கிறது, உணவு மேலிருந்துதான் இறங்குகிறது.

அன்று பிரித்த தாடையிலிருந்து உதிர்ந்த பற்கள் சிலவற்றை ஒரு சாக்பீஸ் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அரிசியை விடச் சற்றே பெரியவை, வெள்ளை வெளேரென்றிருக்கும். புதைபடிவ மெகலடான் பற்கள் கறுத்தும் பழுப்பேறியும் சாம்பல் பூத்தும்தான் கிடைக்கின்றன, படிந்த மண்ணின் தாதுக்களை உறிஞ்சிக்கொண்டதால். உள்ளங்கை அகலத்தில், இந்தப் பெட்டியில் இருப்பதைப் போல வெள்ளையாக, மாங்கனீசு ஓடு படியாமல் ஒரே ஒரு பல்லை யாராவது எங்கிருந்தாவது எடுத்து வந்தால், இந்தப் பதிலை அன்றைக்கே நீக்கிவிடுகிறேன்.